தொலைநோக்கியின் கண்ணாடியில் ஒரு பொட்டு

கண்ணாடி வைத்த தொலைநோக்கியை நேர்ப்படுத்த இரண்டு பேர் வேண்டும். குழாய் ஓர் ஆள் உயரம் இருந்தால் வேறு வழியே கிடையாது. அதன் அடியில் ஒரு பெரிய குழிக்கண்ணாடி இருக்கிறது. வானத்து ஒளியை வாங்கிக் குவித்து மேலே அனுப்புவது அதன் வேலை. வாய்ப்பக்கத்தில், உள்ளங்கை அகலம்கூட இல்லாத தட்டைக் கண்ணாடி சாய்ந்து நிற்கிறது. மேலே வந்த ஒளியைப் பக்கவாட்டில் திருப்பி, நாம் கண் வைக்கும் சிறு குழலுக்குள் தள்ளுவது அது. இரண்டும் ஒன்றுக்கொன்று இசைந்து நிற்க வேண்டும். சற்றுப் பிசகினாலும் நட்சத்திரம் புள்ளியாகத் தெரியாமல் வாலோடு இழுபடும். பிசகு தெரிவது மேலே, சிறு குழலில். அதைச் சரிசெய்யும் திருகுகள் இருப்பதோ கீழே, குழாயின் அடித்தட்டில். பார்ப்பவரின் கை திருகை எட்டாது. திருகுபவரின் கண்ணுக்கு எதுவும் தெரியாது. மேலே இருப்பவர் சொல்வதை நம்பித்தான் கீழே இருப்பவர் திருக வேண்டும்.

எங்கள் ரப்பர் தோட்டத்தில் இந்த வேலையைப் பற்றி ஏதாவது தெரிந்தவர்கள் இருவர். ஒருவர் தலைமை எழுத்தரான பெரிய கிராணி, மற்றவள் நான். நாங்கள் ஒருவர் சொல்வதை ஒருவர் ஒருநாளும் நம்பியதில்லை.

நான் சுங்கைப் பட்டாணியில் பிறந்து வளர்ந்தவள். பௌதிகத்தில் பட்டம் பெற்று, அந்த ஊரிலேயே ஒரு பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். என் கணவர் சிடாம் கிரிப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தின் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் காயம் கட்டும் டிரெசர். திருமணத்திற்குப் பிறகு தோட்டத்து ஊழியர் வீட்டில் குடியேறி, அங்கிருந்து பஸ்ஸில் பள்ளிக்குப் போய்வந்தேன். மலாய் நாடு சுதந்திரம் அடைந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. துரைமார் இன்னும் வெள்ளைக்காரர்களாகவே இருந்தார்கள். துரை இல்லாத நேரத்தில் தோட்டத்தை ஆண்டவர் பெரிய கிராணி.

யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பம் அவருடையது. அலுவலகத்தில் மூன்று துரைமாரைப் பார்த்தவர். ஜப்பான்காரன் காலத்திலும் அதே மேசையில் உட்கார்ந்திருந்தார் என்பார்கள். வெள்ளைக் காற்சட்டையில் ஒரு மடிப்புக் கலையாமல் மாலைவரை இருப்பார். ஊருக்குத் திரும்பிய முந்தைய துரை, தம் தொலைநோக்கியைத் தோட்டத்திற்கென்று விட்டுச் சென்றிருந்தார். அதைப் பெரிய கிராணி ஊழியர் கிளப்புக்குள் வைத்துக்கொண்டார். கிளப் படியைப் பால்மரம் வெட்டுகிறவர்கள் மிதிக்கக் கூடாது. அவருக்கு வானத்தின் மீது உண்மையான ஈடுபாடு இருந்தது என்பதை நான் மறுக்க மாட்டேன். ஆங்கிலப் புத்தகங்களை வரவழைத்து, தாமே படித்து, நட்சத்திரக் கூட்டங்களை விரலால் சுட்டிக் காட்டுமளவுக்குத் தெரிந்துவைத்திருந்தார். அந்த ஈடுபாடு அவரை ஓர் அங்குலம்கூடத் தாராளமானவராக ஆக்கவில்லை. வானத்தையும் கிளப்பின் உடைமையாகவே அவர் கருதினார்.

எங்கள் பகை ஒரு பழைய ஸ்டோர் கொட்டகையைப் பற்றியது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்று, விடியுமுன் உளியும் வாளியும் தூக்கிக்கொண்டு பால் வெட்டப் போகும் பெண்களுக்கு மாலை வகுப்பு ஒன்றைத் தொடங்கியிருந்தேன். கணக்கு, மலாய், கொஞ்சம் ஆங்கிலம், கொஞ்சம் விஞ்ஞானம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளில் உட்கார இடம் கிடையாது. இருட்டிய பிறகு பெண்களைத் தூரமாக அனுப்பப் பெற்றோர் சம்மதிக்கவில்லை. ஆலைக்குப் பின்னால் காலியாகக் கிடந்த ஸ்டோர் ஒன்றுதான் லயத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஆலை எஞ்சினிலிருந்து அதற்கு ஒரு மின்விளக்கும் வந்தது. அந்த இடம் இல்லையென்றால் வகுப்பும் இல்லை. பெரிய கிராணிக்கோ அந்த ஸ்டோரை உள்ளரங்கப் பூப்பந்துக்கு எடுத்துக்கொள்ள ஆசை.

“நட்சத்திரமும் கணக்கும் படிச்சு இந்தப் பெட்டையள் என்ன செய்யப் போகினம்?” என்று என் கணவரின் முன்னாலேயே என்னிடம் கேட்டார். “ராத்திரி முழிச்சிருந்தவள் காலமை பெரட்டுக்கு எழும்புவாளோ? மரத்தடியில நித்திரை கொள்ளுவாள். பேந்து தண்டல் அவளுக்கு அரை நாள் போடுவான். அதுக்கு நீர் பொறுப்போ?”

அந்தக் கேள்வியை வெறும் திமிர் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. வகுப்புக்கு வந்தவர்களில் இருவர் உண்மையாகவே காலையில் பேர் வாசிக்கும் பெரட்டுக்குப் பிந்திப் போய், வேலையை மேற்பார்க்கும் தண்டலிடம் ஏச்சு வாங்கியிருந்தார்கள். ஆனால் அவர்களுடைய அரை நாள் கூலியைப் பற்றிக் கவலைப்பட்டவர், அந்த அரை நாளைத் திருப்பித் தர ஒருமுறையும் கையெழுத்துப் போட்டதில்லை. அதை அவரிடம் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் என் கணவர், “அவர் கையெழுத்து இல்லாம ஆஸ்பத்திரிக்குப் பஞ்சுகூட வராது. கொஞ்சம் அடக்கிப் பேசக் கூடாதா?” என்றார். அன்றிலிருந்து நான் எதைச் சொல்வதற்கு முன்பும் மருந்துப் பெட்டிகளை நினைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

புதிய துரை இளைஞர். வழக்கைத் தீர்க்கச் சொல்லி நாங்கள் இருவருமே அவரிடம் போனோம். கணக்கிலும் மலாயிலும் அவருக்கு அக்கறை இல்லை. தொலைநோக்கி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். சின்ன வயதில் யாரோ சனிக் கிரகத்தின் வளையத்தைக் காட்டுவதாகச் சொல்லி ஏமாற்றிவிட்டார்களாம். தொலைநோக்கியை ஸ்டோருக்குக் கொண்டுபோங்கள், ஆயுத பூசை முடிந்ததும் ஒரு மாலை நான் வருகிறேன், உங்கள் பெண்கள் எனக்கு வளையத்தைக் காட்டட்டும். காட்டினால் ஸ்டோர் வகுப்புக்கு, இல்லையென்றால் பூப்பந்துக்கு என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். அவருக்கு அது விளையாட்டு. எங்களுக்கு வேறு வழி வைக்காத தீர்ப்பு.

கிளப்பிலிருந்து குழாயைத் தூக்கிவந்த அன்று பெரிய கிராணி வாசலிலேயே நின்றார். “கீறல் ஒண்டு விழுந்தாலும் நான் சும்மா விடமாட்டன்” என்றார். தூக்கிவந்த பெண்களில் வாயாடி ஒருத்தி இருந்தாள். படி இறங்கியதும், “சாமி ஊர்வலத்துக்குக்கூட இவ்வளவு மொறைச்சுப் பாக்க மாட்டாங்க டீச்சர்” என்றாள்.

ஆயுத பூசைக்கு நான் சுங்கைப் பட்டாணிக்குப் பெற்றோர் வீட்டுக்குப் போயிருந்தேன். தோட்டத்தில் அந்த நாளில் உளி, வாளி, பால் வடியும் மங்கு, லோரி, ஆலையின் உருளைகள் எல்லாவற்றையும் கழுவிச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். என் மாணவிகள் ஸ்டோரிலும் பூசை வைத்திருந்தார்கள். திரும்பிவந்தபோது குழாயில் சந்தனக் கோடும், அதன் வாயைச் சுற்றிச் செம்பருத்தி மாலையும் இருந்தன. மாலையை எடுத்துவிட்டு, சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்தேன். வகுப்புக்கே மூத்தவள், நெடுநெடுவென்று வளர்ந்த, அதிகம் பேசாத பெண், “நல்லா சுத்தம் பண்ணிட்டோம் டீச்சர்” என்று மட்டும் சொன்னாள். எதுவரை சுத்தம் செய்தார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அன்று மாலை நிலவைப் பார்த்தபோது அது கலங்கிய குட்டையில் விழுந்த நிலவு போலத் தெரிந்தது. அடித்தட்டைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள் என்று அப்போதுதான் விளங்கியது. கண்ணாடி இடம் மாறியிருந்தது. துரை வருவது மறுநாள். அடியில் திருகத் தெரிந்த இன்னோர் ஆள் வேண்டும். கௌரவத்தைவிட ஸ்டோர் முக்கியம் என்று தீர்மானித்துப் பெரிய கிராணிக்குச் சொல்லியனுப்பினேன்.

அவர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மறுநாள், நான் பள்ளியிலிருந்து திரும்பிய நேரத்தில் வந்தார், தொலைநோக்கியைப் பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். நாங்கள் தோற்றால் அது கருவியின் தோல்வியாக இருக்கக் கூடாது, எங்கள் தோல்வியாக இருக்க வேண்டும் என்பது அவர் கணக்காக இருந்திருக்கலாம். அல்லது தாம் நேசித்த பொருள் கெட்டுக் கிடப்பதைப் பொறுக்க முடியாமல் வந்திருக்கலாம். இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கும். ஸ்டோருக்கு வெளியே புல்லில் மரத்தாங்கியின் மேல் கிடந்த குழாயைச் சுற்றிவந்தார். ஒரு முக்காலியை இழுத்துப் பார்வைக் குழலருகே போட்டு அமர்ந்தார்.

“நான் பாக்கிறன். நீர் கீழ இரும்” என்றார்.

“நான் படிச்சதே இதுதான்” என்றேன்.

“படிச்சனீர். செய்தனீரோ? முந்தின துரை செய்யேக்க பக்கத்தில நிண்டு பாத்தவன் நான்.”

விவாதித்தால் வெளிச்சம் போய்விடும். பள்ளிக்குக் கட்டிய சேலையோடு புல்லில் உட்கார்ந்து, அடித்தட்டின் மூன்று திருகுகளையும் கைக்கு அடக்கமாக வைத்துக்கொண்டேன். அவர் முதலில் வாய்ப்பக்கத்துச் சிறு கண்ணாடியைத் தாமே சரிசெய்தார். பிறகு எனக்கு ஆணைகள் வரத் தொடங்கின.

“இடப்பக்கத் திருகு. கால் சுத்து.”

“யாருக்கு இடப்பக்கம்? உங்களுக்கா, எனக்கா?”

“எனக்கு இடம்தான் இடம்.”

திருகினேன்.

“அதில்லை! மற்றது. எந்தக் கையால சோறு தின்னுறீர் எண்டு தெரியாதோ?”

பெண்கள் பால் வேலை முடித்துக் குளித்துவிட்டு ஒவ்வொருவராக வந்து ஸ்டோர் சுவரோரம் நின்றார்கள். தங்கள் டீச்சர் மண்ணில் உட்கார்ந்து ஏச்சு வாங்குவதை அவர்கள் பார்ப்பது எனக்கு எரிச்சலாக இருந்தது. அதை அவர் அறிந்தே குரலை உயர்த்தினார் என்பதும் தெரிந்தது. நான் ஒரு திருகை அரைச் சுற்று இறுக்கினால் அவர் கால் சுற்றுத் தளர்த்தச் சொன்னார். தளர்த்தினால் ஏன் இவ்வளவு தளர்த்தினீர் என்றார். கடைசியில், “சரி. புள்ளிக்கு நேர வந்திட்டுது. கையை எடும்” என்றார்.

“நானும் ஒரு தடவை பாக்கிறேன்.”

“பாத்து? எனக்கு மார்க் போடப் போறீரோ?”

“கண்ணாடியோட விளிம்பு சுத்திவரச் சமமாத் தெரியுதா? அதை மட்டும் சொல்லுங்க.”

“விளிம்பு கொஞ்சம் ஒதுங்கித்தான் நிக்குது. அதுக்கென்ன? விளிம்பை நம்பாதே, கண்ணாடியின்ர நடுவில போட்டிருக்கிற அடையாளத்தை நம்பு எண்டு புத்தகத்தில இருக்கு. வாசிச்சனீரோ? இஞ்ச சிவப்பா, வடிவா ஒரு அடையாளம் போட்டிருக்கிறாங்கள். செய்தவங்கள் மடையரோ?”

பெரிய கண்ணாடியின் முகத்தை நான் அதுவரை நேரில் பார்த்ததில்லை. நடுவில் அடையாளமிடும் வழக்கம் உண்டு என்பதும் உண்மை. அவர் பார்வைக் குழலின் வில்லையை மாட்டி, தம் கைக்குட்டையால் மூடிவிட்டு, துரை வந்த பிறகே திறக்க வேண்டும் என்பது போல அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

இருட்டத் தொடங்கிய நேரத்தில் துரை சுருட்டோடு வந்தார். சனி தெற்கு வானில் அசையாமல் மஞ்சளாக நின்றது. பெரிய கிராணி குழாயைத் தாமே திருப்பிப் பிடித்து, தாமே முதலில் கண் வைத்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் இருந்த குழப்பத்தை நான் கண்டேன். ஆனால் துரை ஏற்கெனவே குனிந்துவிட்டார்.

“டீச்சர்,” என்றார் தோட்டத்தில் பழகிய தமிழில், “வளையம் எங்கே? இது முட்டே. ஒடஞ்ச முட்டே.”

நானும் குனிந்து பார்த்தேன். வளையமும் இல்லை, உருண்டையும் இல்லை. ஒரு பக்கம் வீங்கி மறுபக்கம் வழிந்த மஞ்சள் கறை. எனக்குப் பின் எட்டிப் பார்த்த வாயாடி, “கொழுக்கட்டை டீச்சர். அதுவும் வெந்து பிஞ்சு போனது” என்று முணுமுணுத்தாள்.

பெரிய கிராணி ஆங்கிலத்தில் துரையிடம் பேசினார். கருவி கிளப்பில் இருந்தவரை குறையே இல்லை; தகாத இடத்துக்கு வந்து தகாத கைகளில் பட்டுக் கெட்டுவிட்டது; தாம் எவ்வளவோ முயன்றும் பலனில்லை. ஒவ்வொரு வாக்கியமும் ஸ்டோரின் பூட்டில் ஒரு சுற்றாக விழுந்தது. எனக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்று நான் இடைமறித்தேன். துரைக்கு நட்சத்திரத்தைவிடச் சுருட்டின் மீது அக்கறை அதிகமாகியிருந்தது. இது முடிகிற வரைக்கும் என்று கையிலிருந்ததைக் காட்டிவிட்டு, ஆலை எஞ்சினைப் பார்க்க நடந்துபோனார்.

நான் பெரிய கிராணியைக் கேட்காமலேயே வில்லையைக் கழற்றினேன். டார்ச் விளக்கைக் குழாயின் வாயில் ஒருத்தியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, வெறுங்குழலில் கண் வைத்தேன். சிறு கண்ணாடி தெரிந்தது. அதற்குள் பெரிய கண்ணாடியின் பிம்பம். அதன் நடுவே, குறி பார்த்து நிறுத்தியது போல, அந்தச் சிவப்புப் புள்ளி. ஆனால் பெரிய கண்ணாடியின் விளிம்பு ஒரு பக்கம் முழுவதும் மறைந்து, எதிர்ப்பக்கம் பிறை போலக் கறுப்பு அகன்று கிடந்தது. புள்ளி நடுவில் நின்றது, கண்ணாடி நிற்கவில்லை. அப்படியானால் புள்ளி கண்ணாடியின் நடுவில் இல்லை.

“கண்ணாடியில இருக்கிற சிவப்பு என்னன்னு யாருக்காவது தெரியுமா?” என்று கேட்டேன்.

சுவரோரத்திலிருந்து மூத்தவள் முன்னால் வந்தாள். “செவப்பா டீச்சர்? அது பொட்டு. நான்தான் வெச்சேன்.”

“எங்க வெச்ச?”

“அடியில தட்டைக் கழட்டி, கண்ணாடியைத் தண்ணியில கழுவி, பஞ்சால ஒத்தி எடுத்தோம். தேய்க்கலே டீச்சர், சத்தியமா. அப்புறம் பொட்டு வெக்கக் குனிஞ்சேன். என் மூஞ்சி பெருசாத் தெரிஞ்சிச்சு. நெத்தி எங்கன்னு பாத்து, அங்க வெச்சேன்.”

வாயாடிக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. “அடியே! அப்ப பெரிய கிராணி இவ்வளவு நேரம் ஒன் நெத்தியத்தான் குறி பாத்தாரா?”

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பொத்தியும் நிற்காத சிரிப்பு அது. குங்குமம் வைக்கும் வழக்கமில்லாத வீட்டில் வளர்ந்த மனிதர், அதைக் கைதேர்ந்த கண்ணாடிக்காரர்கள் இட்ட அடையாளம் என்று நம்பி, அதைச் சுற்றி இரண்டு கண்ணாடிகளையும் நேர்ப்படுத்தியிருக்கிறார். அவர் முகம் டார்ச் வெளிச்சத்தில் இறுகியது.

“கழுதையள்! கண்ணாடிக்குப் பொட்டு வைக்கிற புத்தியை வேற எங்க பாக்கலாம்? கூலிக் கூட்டத்துக்கு விலை உயர்ந்த சாமான் குடுத்தா இதுதான் நடக்கும் எண்டு அண்டைக்கே சொன்னனான்.”

“பொட்டு வெச்சது அவ,” என்றேன். “அதை முத்திரைன்னு வாசிச்சது நீங்க. எனக்குப் பாக்க விடாம மூடி வெச்சதும் நீங்க.”

“துரையிட்டச் சொல்லும் பாப்பம்.”

சொல்லியிருக்கலாம். சொன்னால் துரை சிரிப்பார், அந்தச் சிரிப்பு மறுநாள் அலுவலகம் முழுதும் பரவும். அதன் விலையை என் கணவரின் ஆஸ்பத்திரியும் இந்தப் பெண்களும் கட்டுவார்கள். சொல்லாவிட்டால் பிழை பெண்கள் தலையில் விழும். இரண்டையும் எடை போட்டு, வளையம் தெரிந்துவிட்டால் எதையுமே சொல்ல வேண்டியிராது என்று முடிவு செய்தேன். அது அவர் மீதுள்ள இரக்கம் அல்ல. எனக்கு அவர் மீது இரக்கமே இருக்கவில்லை.

ஆனால் துரை திரும்பிவந்ததும் வாய் திறந்தவர் பெரிய கிராணிதான். பெண்கள் கண்ணாடியைக் கழற்றிக் குங்குமம் அப்பிவிட்டார்கள் என்றார். தாம் அதை என்னவென்று நினைத்தார் என்பதைச் சொல்லவில்லை.

“யாரு?” என்றார் துரை.

“நான்தான் தொரே,” என்றாள் மூத்தவள். “ஆயுத பூசைக்கு. உளிக்கு வெச்சோம், லோரிக்கு வெச்சோம், இதுக்கும் வெச்சோம்.”

துரை சிறிது யோசித்தார். “என் காருக்கும் வெச்சே. காரு ஓடுது. சரி, வளையம் காட்டு.”

இனி நம்புவதற்குப் புள்ளியும் இல்லை, பகல் வெளிச்சமும் இல்லை. நட்சத்திரத்தை வைத்தே நேர்ப்படுத்த வேண்டும். பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைப் பார்த்தபடி வில்லையை வெளியே இழுத்தால் அது ஒளித்தட்டாக விரியும். சிறு கண்ணாடியின் நிழல் அந்தத் தட்டில் ஒரு கறுப்பு வட்டமாக விழும். நிழல் தட்டின் நட்டநடுவில் விழுகிற வரைக்கும் அடித்திருகுகளைத் திருக வேண்டும். முதலில் சிறு கண்ணாடியை விளிம்புக்கு விளிம்பு பார்த்து நானே திருத்தினேன். பிறகு பெரிய கிராணியைப் பார்த்து, “கீழ உக்காருங்க. நான் சொல்றபடி திருகுங்க” என்றேன்.

அவர் தம் காற்சட்டையைப் பார்த்தார், ஈரப் புல்லைப் பார்த்தார். “நானோ? மண்ணிலயோ?”

“நான் உக்காந்திருந்தேன்.”

அவர் நாலடி தள்ளிப்போய் நின்றார். மூத்தவள் யாரும் சொல்லாமலே குந்தினாள். எந்தத் திருகு எந்தப் பக்கம் என்று அவளுக்கு எதுவும் தெரியாது. முதல் திருப்பத்தில் நட்சத்திரம் பார்வையை விட்டே ஓடிவிட்டது. வாயாடி குழாயை மெல்ல நகர்த்த, நான் தேடிப் பிடித்தேன். “இப்ப தொட்டதையே எதிர்ப்பக்கமாத் திருப்பு. இன்னும். நிறுத்து. அடுத்தது.” மறுபடி ஓடியது. துரை காலை மாற்றி நின்றார். பெரிய கிராணி இருட்டிலிருந்து, “விடியுமட்டும் செய்யலாம்” என்றார். எனக்கு வியர்த்து, கண் நீர்கட்டி, நிழல் ஒன்றா இரண்டா என்றுகூடத் தெரியாமல் போனது. முந்தானையால் துடைத்துக்கொண்டு திரும்பப் பார்த்தேன். நிழல் நகர்ந்துகொண்டிருந்தது. ஓரத்தை விட்டது, உள்ளே வந்தது, நடுவைத் தாண்டியது. “கொஞ்சம் பின்னால. மூச்சளவு.” அவள் உண்மையாகவே மூச்சை நிறுத்திக்கொண்டு திருகினாள். நிழல் நடுவில் நின்றது.

சனிக்குத் திருப்பினோம். வளையம் தெரிந்தது. உருண்டைக்கும் வளையத்துக்கும் நடுவே கறுப்பு இடைவெளி, ஊசியால் கீறியது போல.

துரை குனிந்தார்; சுருட்டு கையிலேயே அணைந்தது. நிமிர்ந்தபோது ஏதோ ஆங்கிலத்தில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு தமிழில், “ஸ்டோர் பொம்பளே புள்ளைங்களுக்கு. இந்த டெலஸ்கோப் கிளப்புக்கு. இனி பொட்டு காருக்கு மட்டும்” என்றார்.

பெண்கள் வரிசையாகப் பார்த்தார்கள். எல்லோருக்கும் பிறகு, யாரும் அழைக்காமல், பெரிய கிராணி முக்காலியில் வந்து அமர்ந்தார். நெடுநேரம் கண் எடுக்கவில்லை. எழுந்து, “கிளப்பில இதைவிட நல்லாப் பாத்தனாங்கள்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ஸ்டோர்ச் சாவியை வாங்க அலுவலகத்துக்குப் போனேன். நீட்டிய என் கையில் கொடுக்காமல், மேசை விளிம்பில் வைத்துத் தள்ளினார். அது தரையில் விழுந்தது. குனிந்து எடுத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த பெரட்டில் மூத்தவளின் பெயரை ஆற்றுக்கு அப்பாலிருந்த டிவிஷனுக்கு வாசித்தார்கள். காலையில் அங்கே பால் வெட்டு. பிற்பகலில் நாற்றுமேடைக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை. லோரி அவளைத் திரும்பக் கொண்டுவந்து விடும்போது நன்றாக இருட்டி, வகுப்பு முடியும் நேரமாகிவிடும். நான் மறுபடியும் அலுவலகத்துக்குப் போய் அவரிடம் காரணம் கேட்டேன்.

“நாத்துமேடைக்கு ஆள் வேணும்.”

“ஸ்டோரைத் துரை எங்களுக்குக் கொடுத்திருக்கார்.”

“ஓம். துரை ஸ்டோரைத் தந்தவர். ஆள் தரேல்லை.”

துரையிடம் போனால் அவர் ஒரு வார்த்தையில் அவளைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுவார். ஆனால் ஆற்றுக்கு அப்பால் அனுப்ப வகுப்பில் இன்னும் பெண்கள் இருந்தார்கள். துரை ஒவ்வொரு பெரட்டுக்கும் வரப்போவதில்லை. போகாவிட்டால், எங்களுக்காகத் திருகிய ஒருத்தியை அந்தத் திருகலுக்காகவே இழக்கிறோம். எதை எடுத்தாலும் அதன் சுமை பெண்கள் மீதுதான் விழும் என்பதால், முடிவை அவர்களிடமே விட்டேன்.

“தொரைகிட்ட என்னா போறது?” என்றாள் வாயாடி. “அவ வர வரைக்கும் தொடங்காதீங்க டீச்சர். நாங்க ஒக்காந்திருக்கோம். லைட்டு எரியட்டும்.”

“எஞ்சினு நின்னா லைட்டும் நின்னுரும் லா,” என்றாள் இன்னொருத்தி. “அவ வந்து எவ்ளோ நேரம் படிக்க முடியும்?”

“கெடைக்கிற நேரம்.”

“எங்கப்பா அவ்ளோ நேரம் விடமாட்டாரு. ரொம்ப சுசா, கஷ்டம்.”

“அப்ப நீ போ. யாரு புடிச்சா?”

“என்னடி அப்படிப் பேசுற?”

கைகலப்பு வரவில்லை என்பதுதான் ஆறுதல். அந்த வாரமே, அப்பா விடமாட்டார் என்றவளும் இன்னொருத்தியும் நின்றுவிட்டார்கள். அவர்களுடைய அப்பாமார் நியாயமில்லாதவர்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. மற்றவர்கள் வழக்கமான நேரத்துக்கு வந்து, ஸ்டோரைத் திறந்து, விளக்கைப் போட்டுவிட்டு, புத்தகத்தை மூடி வைத்து உட்கார்ந்தார்கள். நானும் கரும்பலகையில் எதையும் எழுதாமல் உட்கார்ந்தேன். கிளப் வராந்தாவிலிருந்து பார்த்தால் எங்கள் வாசல் தெரியும். சற்று நேரத்தில் அலுவலகப் பியூன் சைக்கிளில் வந்து இறங்கினார்.

“பாடம் நடக்கலே, ஏன் லைட்டு எரியுதுன்னு பெரிய கிராணி கேட்டு வரச் சொன்னாரு.”

நான் வாயெடுப்பதற்குள் வாயாடி முந்திக்கொண்டாள். “இன்னும் ஆள் வரலேன்னு போய்ச் சொல்லுங்க அண்ணே. அனுப்பினவருக்கு எப்ப வரும்னு தெரியும்.”

பியூன் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். நாங்கள் லோரிச் சத்தத்துக்காகக் காத்திருந்தோம்.